ஆட்டத்தின் நடுவே விதி மாறலாமா?

நம் இல்லத்துப் பிள்ளைகள் சிலர் ஆடும் ‘பஸ்ஸர்பீட்டர்’ என்னும் இணையக் கூடைப்பந்துப் போட்டியை அன்பர்கள் கண்டிருக்கலாம். அதில் பந்தைத் தொடுவாரில்லை. கற்பனை வீரர்களுக்கு வாரம் ஒரு பயிற்சி அளித்து வளர்ப்பதே வேலை. பயிற்சி முழுமையாகச் சேர வேண்டுமாயின், வீரன் அதற்குரிய இடத்தில் அவ்வாரம் 48 நிமிடம், அதாவது ஒரு முழு ஆட்டத்தின் அளவு, ஆடியிருத்தல் வேண்டும்.

சிக்கல் இங்கேதான். கூடையருகே நிற்க வேண்டிய நெடியவனுக்குப் பந்தைத் தட்டிச் செல்லும் கலையைக் கற்பிக்க விழைந்தால், அவனைப் ‘பாயிண்ட் கார்டு’ இடத்தில் நிறுத்தியாக வேண்டும். அன்றைய ஆட்டம் பெரும்பாலும் தோல்விதான்! உயரம் மிக்கவன் அக்கலையை மெதுவாகவே கற்பான். வயது ஏற ஏறப் பயிற்சியின் பயனும் குறையும்.

இக்கட்டுப்பாட்டை நீக்குக என்பாரது கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், ஒரு பருவம் 14 வாரம். ஒருவனை ஆளாக்கப் பல பருவங்கள் செல்லும். தோல்விகளைத் தாங்கி அவ்வாறு வளர்த்தவர் கதி என்ன? விதி திடீரெனத் தளர்ந்தால், நேற்று வந்தவரும் அவரை எளிதில் எட்டிவிடுவார். அவ்வீரனின் சந்தை விலையும் சரியும். ஆகவே மாற்றலாம்; இரண்டு பருவம் முன்னதாக அறிவித்தே மாற்றுதல் வேண்டும் என்பது என் கருத்து.

என் பேரன் இதற்கு இசையவில்லை. அவனுடைய நெடியவனுக்கு இப்போதே 22 வயதாகிவிட்டதாம்!