பழுது செவியிலா, நடுப்பெட்டியிலா?

காந்திபுரத்தில் நம் பங்கைச் சார்ந்த ஓர் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தோம். வீட்டுக்காரர் நம்மைத் தனியே அழைத்து, "அப்பாவுக்குக் காது மந்தமாயிருச்சுங்க சாமி. டி.வி. சத்தத்தைக் கூட்டு, கூட்டுங்கறார். கூட்டுனா வீடே அதிருது. காது மிஷின் வாங்கலாம்னா வேண்டாங்கறார். நீங்கதான் எடுத்துச் சொல்லோணும்" என்றார்.

பெரியவர் வாசல் நாற்காலியில் அமர்ந்திருந்தார். தாழ்ந்த குரலிலேயே நலம் விசாரித்தோம். உடனே மறுமொழி வந்தது. பின்பு அவரே மெல்லச் சொன்னார்: "சண்டை கேக்குதுங்க சாமி, பாட்டும் கேக்குது. பேசறதுதான் கேக்கறதில்லை. எதுக்குப் பிள்ளைகளோட வம்புன்னு இங்க வந்து உக்காந்துக்கறேன்."

முதுமையில் பேச்சொலி தெளிவாகக் கேளாமற்போவது உண்மையே. மருத்துவரிடம் காட்டுவதும் நன்றே. ஆயினும் நம் மெல்லிய குரலைக் கேட்ட செவி, தொலைக்காட்சியின் பேச்சை மட்டும் கேளாதது ஏன்? பங்கு மன்றத்து ஒலிபெருக்கிகளோடு பல்லாண்டுகள் மல்லுக்கட்டிய பழக்கத்தால், நமக்கு அந்தக் கூடத்து இசைக்கருவியின்மீது ஐயம் எழுந்தது.

அது ஆறு பெட்டிகள் கொண்ட சரவுண்டு அமைப்பு. 1978ஆம் ஆண்டில் வெளிவந்த 'ப்ரியா' திரைப்படத்தின் பாடல்கள் வாயிலாக, இடம் வலம் என்று இரண்டாகப் பிரியும் ஸ்டீரியோ ஒலியைத் தமிழர் வியந்து கேட்டனர். 1995இல் 'குருதிப்புனல்' டால்பி சரவுண்டு ஒலியோடு திரையரங்குகளுக்கு வந்தது. இன்று அதன் வழிவந்த முறை நம் கூடங்களிலும் குடிபுகுந்துவிட்டது. இம்முறையில் பெட்டிகள் அனைத்தும் ஒரே ஒலியைத் தருவதில்லை. இசையின் பெரும்பகுதி இடம், வலப் பெட்டிகளில் எழும். மழையும் இரைச்சலும் பின்னிரண்டில். அதிர்வு தடித்த பெட்டியில். உரையாடலில் பெரும்பகுதி திரையின் கீழுள்ள நடுப்பெட்டி ஒன்றிலேயே வரும். அது ஊமையானால், சண்டையும் பாட்டும் கேட்கும். பேச்சு மட்டும் மங்கிப்போகும். பெரியவர் சொன்னதும் அதுவேயன்றோ!

ஆம்ப்ளிஃபயரில் 'டெஸ்ட் டோன்' என்னும் சோதனை ஒலியை இயக்கினோம். 'உஸ்' என்னும் ஓசை பெட்டி பெட்டியாகச் சுற்றி வந்தது. நடுப்பெட்டியின் முறை வந்தபோது மௌனம். வீட்டுக்காரர் புதுப்பெட்டி வாங்கப் புறப்பட்டுவிட்டார். நாம் தடுத்தோம்.

இங்குதான் பொறுமை வேண்டும். பழுது மூன்று இடங்களில் இருக்கலாம்: பெட்டி, கம்பி, ஆம்ப்ளிஃபயர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்தல் வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, இடப்பெட்டியை அதன் கம்பியோடு நடு இணைப்பில் பொருத்தினோம், ஓசை வந்தது. ஆகவே ஆம்ப்ளிஃபயர் குற்றமற்றது. மீண்டும் நிறுத்தி, நடுப்பெட்டியை வேறொரு கம்பியால் இணைத்தோம், அதுவும் பேசிற்று. எஞ்சியது பழைய கம்பியே. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்தபோது நகர்த்திய அலமாரியின் கால் அதன்மேல் ஏறி, உறைக்குள்ளே செம்பு இழைகளை அறுத்திருந்தது. சில முழக் கம்பியே அதற்கு மருந்தாயிற்று.

வாசகக் குடும்பங்கள் வேறு சிலவற்றையும் அறிந்திருத்தல் நலம். பின்பெட்டிகள் இரண்டும் ஒருசேர மௌனமானால், உடனே அவற்றைப் பழிக்கவேண்டாம். வரும் ஒலியே இருவழி ஸ்டீரியோவாக இருக்கலாம். சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட இரட்டைக் கம்பியில் இரண்டு வழிகளே வரும். ஆப்டிகல் அல்லது எச்.டி.எம்.ஐ. இணைப்புத் தந்த பின்னும் ஓசையில்லையேல், தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் 'பி.சி.எம்.' என்றிருப்பதை 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'டால்பி டிஜிட்டல்' என்று மாற்றிப் பாருங்கள். ஒலி பொள்ளலாகி அதிர்வு மெலிந்தால், ஏதேனும் ஒரு பெட்டியில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கக்கூடும். ஆம்ப்ளிஃபயர் தானே அடங்கிவிட்டால், இரு முனைகளின் இழைகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று நோக்குங்கள். நடுப்பெட்டியே இல்லாத வீடுகளில், அமைப்பில் 'சென்டர்' என்பதற்கு 'இல்லை' என்று குறித்தால், பேச்சு இடம், வலப் பெட்டிகளுக்குப் பங்கிடப்படும்.

ஒன்று மட்டும் செய்யவேண்டாம்: ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் திறக்காதீர்கள். மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். அது தொழில் தெரிந்தவரின் வேலை.

அன்று மாலை பெரியவரின் நாற்காலி கூடத்திற்குத் திரும்பியது. அவர் செய்தி முழுவதையும் கேட்டு முடித்து, "இப்பக் கொஞ்சம் குறைச்சு வை சாமி" என்று பேரனிடம் சொன்னார். மகனோ தலைகுனிந்து நின்றார். கிறிஸ்துமஸ் முதல் எட்டு மாதங்கள் அந்த முதியவர் வாசலில் அமர்ந்திருந்தார். அவர் சொன்ன குறையைச் செவிசாய்த்துக் கேட்டார் இல்லை. உங்கள் இல்லத்தில் முதியவர் எவரேனும் "கேட்கவில்லை" என்றால், எது கேட்கவில்லை, எங்கே கேட்கவில்லை என்று அருகமர்ந்து வினவுங்கள். கம்பியைத் தேடுவது அதன்பின் எளிது.