அந்த நாள்: பாட்டு இல்லாததா பெருமை?

பழைய தமிழ்ப் படங்களில் சிறந்தது எது என்று கேட்டால் 'அந்த நாள்' என்று சொல்பவர்கள் நிறைய பேர். ஏன் என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் ஒரே பதில்: "பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம்!" உடனே பக்கத்தில் இருப்பவர், "அட, குரசோவாவோட ராஷோமான் காப்பிதானே அது" என்பார். இந்த இரண்டைத் தாண்டிப் பேச்சு நகராது. படம் பாவம்!

1954-ல் ஏவி.எம். படத்தில் பாட்டு, நடனம், சண்டை மூன்றும் இல்லை என்பது துணிச்சல்தான். ஆனால் ஒரு படத்தில் இல்லாததை எண்ணியா மார்க் போடுவது? அப்படிப் பார்த்தால் இன்று பாட்டில்லாமல் வரும் படமெல்லாம் கிளாசிக்தான்.

ராஷோமானில் ஒரே சம்பவத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். எது உண்மை என்று கடைசிவரை உறுதியாகத் தெரியாது. இங்கே அப்படியில்லை. 1943-ல் ஜப்பான் குண்டு போட்ட சென்னை. ரேடியோ இன்ஜினியர் ராஜன் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறான். விசாரணையில் ஆளுக்கு ஒருவரைக் கைகாட்டுகிறார்கள். முடிவில் உண்மை வெளியே வந்துவிடுகிறது. இரவல் வாங்கியது சொல்லும் முறையை மட்டும்தான்.

(முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.)

செத்தவன் நல்லவன் இல்லை, எதிரிக்கு உளவு சொன்னவன். அவன் முன் துப்பாக்கியோடு நின்றவள் அவனுடைய மனைவி உஷா. அந்த ராஜனாக நடித்தவர் யார்? 'பராசக்தி' (1952) வந்து இரண்டே வருடம் ஆகியிருந்த சிவாஜி கணேசன்! இயக்குநர் எஸ்.பாலசந்தர் அவரை முதல் காட்சியிலேயே சாகடித்துவிட்டு, கடைசியில் துரோகி என்றும் காட்டுகிறார். அதோடு நிற்கவில்லை. படித்தவன் ஏன் துரோகியானான்? தன் திறமைக்கு இங்கே மதிப்பில்லை என்ற கோபம். படம் அவனை மன்னிக்கவில்லை. ஆனால் அவன் பக்கத்தையும் பேச விடுகிறது. சுதந்திரம் வாங்கி ஏழே வருடத்தில் இப்படி ஒரு கதை!

பண்டரிபாய் நடித்த உஷாவும் அழுது தீர்க்க மட்டும் வந்த மனைவி இல்லை. புருஷனா, நாடா என்று அவள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்துப் படங்களில் எத்தனை கதாநாயகிகளுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தது?

'அந்த நாள்' கிளாசிக் ஆனதற்குக் காரணம் இதுதான். இன்றைய மாஸ் ஹீரோக்களில் யாராவது முதல் காட்சியில் பிணமாகவும் கடைசிக் காட்சியில் துரோகியாகவும் வரத் தயாரா? அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பாட்டுக் கணக்கு பார்க்கலாம்.