சமத்துவம் பிறப்போடு வந்ததல்ல

அமெரிக்க அடிமை ஒழிப்பையும் பெண்ணுரிமையையும் மாணவர்களுக்குச் சொல்லித்தரும்போது, இரண்டுக்கும் போராடிய லுக்ரீஷியா மாட் போன்றோரைப் பற்றி ஒரு விளக்கம் தவறாமல் வரும்: குவேக்கர் என்னும் கிறித்தவச் சபையைச் சேர்ந்த குடும்பத்தில் வளர்ந்தவர், ஆகவே சமத்துவத்தை நம்பினார். இந்த விளக்கம் வரலாற்றின் முன் நிற்காது.

குவேக்கர்கள் தொடக்கம் முதலே அடிமைமுறையை எதிர்த்தவர்கள் என்பது முதல் வாதம். உண்மையில், பென்சில்வேனியாவின் வசதியான குவேக்கர்கள் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். 1688இல் ஜெர்மன்டவுனில் நால்வர் கையெழுத்திட்ட கண்டன மனுவைச் சபையின் மேல்கூட்டங்கள் கிடப்பில் போட்டன. 1738இல் பெஞ்சமின் லே என்ற குவேக்கர், ஆண்டுக் கூட்டத்தின் நடுவே எழுந்து ஒரு புத்தகத்தை வாளால் குத்தினார். அதைக் குடைந்து, சிவப்புப் பழச்சாறு நிறைத்த பையை உள்ளே ஒளித்துவைத்திருந்தார். அடிமைகளின் ரத்தம்போல அது அருகிலிருந்தோர்மீது தெறித்தது. சபை அவரைத்தான் விலக்கியது. அடிமை வைத்திருப்போரை விலக்கும் முடிவைப் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் எடுத்தது 1776இல்தான். மனுவுக்குப் பின் 88 ஆண்டுகள் கழித்து.

குவேக்கர்களிடம் ஆணும் பெண்ணும் சமம் என்பது அடுத்த வாதம். பெண்கள் பிரசங்கம் செய்ததும், சிறுமிகள் படித்ததும் மெய். ஆனால் மாட் படித்த நைன் பார்ட்னர்ஸ் குவேக்கர் பள்ளியிலேயே ஆசிரியைக்கு ஆசிரியரின் சம்பளத்தில் பாதிதான். அந்த அநீதி இளம் வயதிலேயே அவர் மனதில் தைத்தது.

தொழுகையில் எல்லாரும் ஒன்று என்பார்கள். ஆனால் பிலடெல்பியாக் கூட்ட அரங்கில் கறுப்பினத்தவருக்குத் தனி பெஞ்சு இருந்தது. அதில் போய் அமர்ந்து எதிர்ப்பைக் காட்டிய கிரிம்கே சகோதரிகள் பிறவிக் குவேக்கர்கள் அல்லர். சார்ல்ஸ்டனில் அடிமை வைத்திருந்த குடும்பத்துப் பெண்கள்.

அப்படியானால் வளர்ப்புக்குப் பங்கே இல்லையா? உண்டு. 1848இல் செனிகா ஃபால்ஸ் பெண்ணுரிமை மாநாட்டைக் கூட்டிய ஐவரில் எலிசபெத் கேடி ஸ்டான்டன் தவிர நால்வரும் குவேக்கர் பின்புலத்தினர். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இறையொளி உண்டு என்று கேட்டும், பெண்கள் சபையில் எழுந்து பேசுவதைப் பார்த்தும் வளர்ந்தவர்கள். அந்த நம்பிக்கையைக் கொண்டே சொந்தச் சபையையும் கேள்வி கேட்க முடிந்தது. ஆனால் கேட்கும் துணிவு அவரவருடையது.

ஆசிரியர்களே, மாட்டைப் பற்றிச் சொல்லும்போது அந்தப் பாதிச் சம்பளத்தையும் சொல்லுங்கள். நல்ல சபையில் பிறந்தாலே போதும் என்று எந்த மாணவரும் நம்பிவிடக் கூடாது.