போட்டுக்கு இன்ஜின் வாங்குறீங்களா? யார் காசுலன்னு முதல்ல பாருங்க

2019 வரைக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்துல இருந்த கோவளம், சதுரங்கப்பட்டினம் பக்கம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: ஃபைபர் போட்டுக்கு டூ ஸ்ட்ரோக் இன்ஜினா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

டூ ஸ்ட்ரோக் எடை குறைவு, ரிப்பேரும் சுலபம். ஆனா ஆயில் கலந்து ஓட்டணும். எரியாத பெட்ரோலையும் புகையோட வெளியே தள்ளிடும். ஃபோர் ஸ்ட்ரோக் விலை கூட. ஆனா தினம் 2 லிட்டர் மிச்சம்னு வெச்சாலே, லிட்டர் 100 ரூபாய்னு 200 நாளைக்கு வருஷம் 40,000. என் ஓட்டு இதுக்குத்தான்.

அந்த மிச்சம் உங்க கைக்கு வரணுமே! வியாபாரிகிட்ட 50,000 அட்வான்ஸ் வாங்கினா மீனை அவர்கிட்டயேதான் போடணும். தினம் 4,000 ரூபாய் மீனுக்கு 5% கமிஷன்னு வெச்சுக்கோங்க. 200 நாள்ல அதே 40,000 போச்சு! அசல் 50,000 அப்படியே நிக்கும். 12% பேங்க் கடன்னா வட்டி வருஷத்துக்கு 6,000தான். (முன்பணம் வாங்கி ஒரே முதலாளிக்கு நெய்யற நம்ம தறிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்.)

பேங்க்ல கடன் கிடைக்கலையா? பழைய இன்ஜினுக்கே வேலை பார்த்து இன்னொரு சீசன் ஓட்டுங்க.