இரட்டை வடமும் ஒற்றைச் சுவிட்சும்

கணிப்பொறிகளை இணைக்கும் சுவிட்சுகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பின்புறத்தில் தனி வடங்களால் பிணைத்து, ஒரே யந்திரம்போல் இயங்கச் செய்வது ஆய்வுக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் இன்று சாதாரண ஏற்பாடாகும். இத்தகைய ஓரடுக்கிலிருந்து வேறு தளத்திலுள்ள அடுக்குக்கு இரண்டு வடங்கள் இழுத்துவிட்டால், வேகம் இரட்டிப்பாகும், ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று காக்கும் என்று பலரும் கருதுகின்றனர். இக்கருத்து பாதியளவே உண்மை.

வடங்களை வெறுமனே செருகினால் வளையம் உண்டாகிறது. எல்லாருக்குமென அனுப்பப்படும் செய்தி அதில் சுற்றிச் சுற்றிப் பெருகி, வலையமைப்பு முழுவதையும் விரைவில் முடக்கிவிடும். ராடியா பெர்ல்மன் அம்மையார் 1985-ல் வகுத்த ஸ்பானிங் ட்ரீ முறை, உபரி வடத்தை அடைத்துவைத்து இவ்வபாயத்தைத் தடுக்கிறது. ஆனால் அடைபட்ட வடம் வாளா கிடக்கிறது. மேலும் அம்முறைக்கும் எல்லையுண்டு. அதற்கப்பால் வளர்ந்துவிட்ட பாஸ்டன் நகரப் பெருமருத்துவமனை ஒன்றின் வலையமைப்பு 2002 நவம்பரில் நாட்கணக்கில் நிலைகுலைந்து, மருத்துவர்கள் மீண்டும் காகிதத்தை நாட நேர்ந்தது.

வடங்களை ஒரே கட்டாகப் பாவிக்கும் முறைக்கு 2000-ல் பொதுத் தரம் ஏற்பட்டது. இரு முனைகளும் எல்.ஏ.சி.பி. வழியாக ஒன்றையொன்று விசாரித்து உடன்படுகின்றன. ஆயினும் கட்டிலுள்ள சுமை உரையாடல்வாரியாகவே பங்கிடப்படுகிறது. பத்து கிகாபிட் வடங்கள் இரண்டிருப்பினும், இரு கணிப்பொறிகளுக்கிடையே செல்லும் ஒரே கோப்புக்கு இருபது கிட்டாது. விற்பனையாளர் இதனை எடுத்துரைப்பதில் அத்துணை ஆர்வம் காட்டுவதில்லை!

இவையனைத்தினும் முக்கியமானது, வடங்கள் எந்தப் போர்ட்டுகளில் செருகப்படுகின்றன என்பதே. கைக்கெட்டும் வசதி கருதி மேற்சுவிட்சின் 47, 48-ஆம் போர்ட்டுகளிலேயே இரண்டையும் செருகிவிட்டால், அச்சுவிட்சின் மின்வழங்கி பழுதாகும் கணத்தில் அடுக்கு முழுவதும் துண்டிக்கப்படும். கீழுள்ளவை நலமாயிருந்தும் பயனில்லை. ஒரு வடம் மேற்சுவிட்சிலும் மற்றது கீழ்ச்சுவிட்சிலும் இருத்தல் வேண்டும். இதற்கு ஒரு ரூபாயும் அதிகச் செலவில்லை. அவ்வாறே, பின்புறப் பிணைப்பும் கடைசிச் சுவிட்சிலிருந்து முதற்சுவிட்சுக்குத் திரும்பி வட்டமாக முடிதல் அவசியம். இன்றேல் ஒரு வடம் அறுந்த மாத்திரத்தில் அடுக்கு இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளும் ஒரே முகவரிக்கு உரிமை கொண்டாடக்கூடும். பல துறைகளின் தனி வலைகளைச் சுமக்கும் டிரங்கில் எவையெவை அனுமதிக்கப்படும் என்ற பட்டியலும் இரு முனைகளிலும் ஒத்திருத்தல் வேண்டும்.

பொதுப் பணத்தில் சுவிட்சுகள் வாங்கும் நிறுவனங்கள், எண்ணிக்கையையும் விலையையும் மட்டும் ஒப்பந்தத்தில் எழுதி நின்றுவிடலாகாது. ஒப்படைக்கும் நாளில், அலுவலர்கள் வேலையிலிருக்கும்போதே, முதலில் ஒரு வடத்தை உருவிப் பார்க்கவேண்டும். பின்னர் மேற்சுவிட்சின் மின்சாரத்தை நிறுத்திப் பார்க்கவேண்டும். மற்றச் சுவிட்சுகளில் இணைந்த கணிப்பொறிகளின் பணி தடைப்படுமாயின், இறுதித் தவணையை நிறுத்திவைப்பதே முறை.