ஒரு ஊசிக்கு இவ்வளவு அலைச்சலா?

தாம்பரத்தில் கார்புரேட்டரைக் கழற்றத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கழற்றிக் கழுவி மாட்டிய பிறகு ட்யூன் பண்ணத்தான் ஆள் இல்லை. அதிலும் ஒன்றுக்கு இரண்டு கார்புரேட்டர் என்றால் பானெட்டைப் பார்த்த மாத்திரத்தில் முகம் மாறிவிடுகிறது. “சார், இதெல்லாம் எதுக்கு? மாருதி 800 கார்புரேட்டர் ஒண்ணு மாட்டிடலாம். அடாப்டர் லேத்துல பண்ணிக்கலாம். மைலேஜும் கொடுக்கும்.” கேம்ப் ரோட்டில் கேட்டாலும் குரோம்பேட்டையில் கேட்டாலும் இதே பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

வண்டி ஒன்றும் எங்கிருந்தோ கப்பலில் வந்த அதிசயம் இல்லை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வடிவமைத்து 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்ததை, 1961 முதல் இதோ இந்த வண்டலூர்ப் பக்கத்திலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தயாரித்தது. 948 சிசி எஞ்சின். வருஷத்துக்கு வருஷம் உள்நாட்டு உதிரிகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். நாலு கதவு ஹெரால்டு இங்கிலாந்துத் தொழிற்சாலையிலேயே கிடையாது, அது நம் ஊரில் உருவானது. “ஸ்டாண்டர்டு கம்பெனியில இருந்தேன்” என்று சொல்லும் பெரியவர்களை பெருங்களத்தூர்ப் பக்கம் இன்றைக்கும் பார்க்கலாம். 1988-ல் கம்பெனி மூடியதோடு அந்தக் கைகளில் இருந்த வேலையையும் யாரும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நம் ஹெரால்டுக்கு வந்தது ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டர். இரட்டை எஸ்.யு. இங்கிலாந்தில் கூப்பே மாடலுக்கு வந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஆசைப்பட்டு அதைத் தேடிப் பிடித்து மாட்டியிருக்கிறார். நன்றாக ட்யூன் ஆன அன்றைக்கு அதன் பிக்கப்பே தனி. அதனால்தான் கழற்றி எறிய மனசு வரவில்லை.

ஹெரால்டின் பானெட் முன்பக்கமாக மொத்தமாகச் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், இவ்வளவு வசதி வேறெந்த வண்டியிலும் இல்லை. எஸ்.யு.வின் உள்ளே கூம்பிக்கொண்டே போகும் ஓர் ஊசி, ஜெட்டுக்குள் ஏறி இறங்கும். அடியில் இருக்கும் நட்டைத் திருகி ஜெட்டை இறக்கினால் மிக்சர் ரிச், ஏற்றினால் லீன். ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை முதலில் முன் கார்புரேட்டர் வாயிலும் பிறகு பின் கார்புரேட்டர் வாயிலும் பிடித்து, இரண்டிலும் ‘உஸ்’ சத்தம் ஒன்றாகிற வரை த்ராட்டிலைச் சமன் செய்ய வேண்டும். அடுத்தது மிக்சர். கார்புரேட்டருக்குள் ஊசியைத் தாங்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஸ்பீடு ஏறி அப்படியே நின்றால் ரிச், எஞ்சின் தடுமாறி ஆஃப் ஆனால் லீன், லேசாக ஏறிப் பழைய நிலைக்கே இறங்கினால் சரி. காதும் பொறுமையும் இருந்தால் போதும். அந்தப் பொறுமையைத்தான் எங்கேயும் காணோம்.

ஓவர்ஹால் பண்ணித் தருகிறேன் என்று ஒரு பட்டறைக்காரர் வாங்கிப் போனார். திரும்பி வந்தபோது இரண்டும் கண்ணாடி மாதிரி மின்னின. உள்ளே பிஸ்டனையும் அதன் மேல் மூடியையும் எமரி பேப்பர் போட்டுத் தேய்த்திருந்தார்! அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நூலிழை இடைவெளியில்தானே கார்புரேட்டரே வேலை செய்கிறது? தேய்ந்து லொடலொடவென்று ஆடிய த்ராட்டில் ஸ்பிண்டிலுக்கு மட்டும் புஷ் அடிக்கவில்லை. அந்தச் சந்தில் காற்று நுழைந்தால் எந்த நட்டைத் திருகியும் ஐட்லிங் நிற்காது. இரும்புலியூர் நெரிசலில் ஒவ்வொரு தடவை வண்டி ஆஃப் ஆகும்போதும் பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இது போதாதென்று பெட்ரோல். 2030-க்கு வைத்த இருபது சதவீத எத்தனால் இலக்கை 2025-க்கு இழுத்தார்கள். இறக்குமதிச் செலவு குறையும், கரும்பு விவசாயிக்கு வருமானம் வரும், அதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். பழைய ஊசி, பழைய ஜெட்டோடு இந்தக் கலவையைக் குடித்தால் மிக்சர் தானாகவே லீன் ஆகிவிடும். புது வண்டியில் சென்சர் பார்த்துக் கொள்ளும், கார்புரேட்டருக்கு யார் சொல்வது? பழைய ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் ஊறி உப்பிப்போவது வேறு. பிரிட்டனில் 2021-ல் பத்து சதவீதத்துக்கு மாறியபோதே, பழைய வண்டிகளுக்காக ஐந்து சதவீதப் பெட்ரோலை சூப்பர் ரகத்தில் விட்டுவைத்தார்கள். இங்கே ஜி.எஸ்.டி. ரோடு நெடுக இத்தனை பங்க் இருக்கிறது, ஒன்றிலாவது ஒரு குழாய் ஒதுக்கக் கூடாதா? லிட்டருக்குக் கூடுதலாகக் கொடுக்க நாங்கள் தயார்.

அதுவரைக்கும் வழி, கொஞ்சம் மெலிந்த ஊசியாக மாற்றி மிக்சரை ரிச் ஆக்குவதுதான். பித்தளையில் ஒரு விரல் நீளம்கூட இராத சாமான். புதுப்பேட்டையில் எஸ்.யு. ஊசி என்று கேட்டால் ஆளை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் ஊசியின் விலையைவிடக் கூரியரும் சுங்கமும் அதிகம். உலகத்துக்கே கார் சாமான் செய்து அனுப்பும் ஊரில் இருக்கிறோமே, இங்கேயே கடையலாம் என்று அளவெல்லாம் எழுதிக்கொண்டு சி.என்.சி. பட்டறைகளில் ஏறி இறங்கினேன். பண்ண முடியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. “ஐநூறு பீஸ் ஆர்டர் இருந்தா சொல்லுங்க சார்” என்கிறார்கள். ஐநூறு ஹெரால்டு இந்த ஊரில் ஓடிக்கொண்டிருந்தால், இரண்டே இரண்டு ஊசிக்காக நான் ஏன் ஐயா உங்கள் வாசலில் வந்து நிற்கப்போகிறேன்?