செத்த காலேஜ் சாகக் கூடாது

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு மக்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் முன்பு இருந்த மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர். பாடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்திலிருந்து பட்டணம் பார்க்கப் போகிறவர்கள் ஒரே நாளில் இரண்டு காலேஜையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். பட்டம் மட்டும் கிடைக்காது!

வேடிக்கையான இந்தப் பெயருக்குப் பின்னால் உண்மையாகவே ஒரு கல்லூரி இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தமிழ், தெலுங்கு போன்ற மொழிகளைக் கற்பிக்க, புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி 1812-இல் தொடங்கப்பட்டது. நுங்கம்பாக்கத்தில் அது இருந்த தெருவை இன்றும் கல்லூரிச் சாலை என்றுதான் அழைக்கிறோம். அந்தக் கல்லூரிக் கட்டடத்தில்தான் 1851-இல் அருங்காட்சியகம் பிறந்தது. சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த சுமார் 1,100 கல், தாது மாதிரிகளே அதன் முதல் சொத்து. எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் பொறுப்பேற்றார். 1854-இல் அருங்காட்சியகம் எழும்பூருக்கு இடம் மாறியது. அங்கே 1855-இல் பால்ஃபர் உயிருள்ள விலங்குகளையும் சேர்த்து வைக்க ஆரம்பித்தார். அதுவே உயிர் காலேஜ் ஆயிற்று. பிறகு அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-இல் வண்டலூருக்குப் போனது. ஆக, இரண்டு காலேஜும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

செத்த காலேஜுக்குச் சின்னச் சின்னத் தம்பிகளும் உண்டு. பழைய கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறைக்குள் நுழைந்து பாருங்கள். கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரிகள். வரிசையாக ஜாடிகள். ஒன்றில் சுருண்டு கிடக்கும் பாம்பு, இன்னொன்றில் நட்சத்திர மீன். சுவரோரம் பாடம் செய்த பறவைகள். தாவரவியல் துறையில் காகிதத்தில் ஒட்டி அடுக்கிய உலர்ந்த செடிகள். 'இந்தப் பழைய சாமான்களை எடுத்துப் போட்டால் பத்து கம்ப்யூட்டர் வைக்கலாமே' என்ற பேச்சும் அங்கேயே காதில் விழும். அப்படி எடுத்துப் போடுவது தவறு என்பது என் கட்சி. நான் கற்பிப்பது இயற்பியல். எனக்கும் தவளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஒரே மலை, இரண்டு சேமிப்புகள்

கொடைக்கானல் மலையில் செண்பகனூர் என்று ஓர் ஊர். அங்கே இயேசு சபையினர் 1895-இல் திருஇருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். குருமார்களாகப் போகும் இளைஞர்களுக்கான கல்லூரி அது. ஆனால் அங்கிருந்தவர்கள் மறைநூல்களோடு மலையையும் சேர்த்துப் படித்தார்கள். பட்டாம்பூச்சி, வண்டு, பாம்பு, பறவை, செடி என்று சேகரித்தார்கள். அந்தச் சேகரிப்பே செண்பகனூர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாக வளர்ந்தது. அங்கே பணியாற்றிய ஆங்லாத் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பழனி மலையின் செடிகளைச் சேகரித்தார், ஓவியமாகவும் தீட்டினார். அம்மலையின் கல்திட்டைகளைப் பற்றி 1928-இல் வெளிவந்த ஆய்வு நூலின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர்.

அதே கொடைக்கானல் மலையில் 1899-இல் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டது. 1904-ஆம் ஆண்டு முதல் அங்கே, மேகம் விலகிய நாளிலெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். நூறாண்டுக்கும் மேற்பட்ட அந்தப் படங்களைக் கொண்டு சூரியப் புள்ளிகள் பெருகுவதையும் குறைவதையும் விஞ்ஞானிகள் இன்றும் ஆராய்கிறார்கள். அந்தக் கண்ணாடித் தகடுகளைப் 'பழைய சாமான்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இன்றைய தொலைநோக்கி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், 1910-ஆம் ஆண்டின் சூரியனை அதனால் படம் எடுக்க முடியாதல்லவா?

அப்படியானால், 1910-ஆம் ஆண்டின் தவளையை மட்டும் எங்கே போய்ப் பிடிப்பீர்கள்?

இதுதான் நான் சொல்ல வந்த செய்தி. ஜாடிக்குள் இருப்பது வெறும் பிணம் அல்ல. அது ஓர் அளவீடு. எடுத்த நாள் கடந்துவிட்டதால் இனி ஒருபோதும் எடுக்க முடியாத அளவீடு.

முட்டை ஓடு சொன்ன சாட்சி

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1950-களில் இங்கிலாந்தில் ஒரு வகை வல்லூறு வேகமாகக் குறைந்து வந்தது. கூட்டிலேயே முட்டைகள் உடைந்து கிடந்தன. ஓடு மெலிந்துவிட்டதோ என்று டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆராய்ச்சியாளருக்குச் சந்தேகம். ஆனால் முன்பு ஓடு எவ்வளவு தடிமனாக இருந்தது என்று தெரிந்தால்தானே மெலிந்ததா என்று சொல்ல முடியும்?

அந்நாட்டில் பறவை முட்டை சேகரிப்பது ஒரு காலத்தில் பெரிய பொழுதுபோக்கு. முட்டையில் சிறு துளையிட்டு உள்ளிருப்பதை வெளியேற்றிவிட்டு ஓட்டை மட்டும் பத்திரப்படுத்துவார்கள். அருங்காட்சியகங்களிலும் தனியாரிடமும் அவை பெட்டி பெட்டியாக இருந்தன. ஒவ்வொன்றிலும் தேதியும் இடமும் எழுதியிருந்தது. ஆனால் தடிமனை அளக்க ஓட்டை உடைக்க வேண்டுமே! ராட்கிளிஃப் உடைக்கவில்லை. ஓட்டின் எடையை, முட்டையின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தார்.

மாணவர்களே, இதன் இயற்பியலைக் கவனியுங்கள். நீளத்தை அகலத்தால் பெருக்கினால் வருவது ஓட்டின் பரப்புக்கு ஏற்றபடி கூடிக் குறையும் ஓர் எண். எடையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தடிமனும் அடர்த்தியும் பெருக்கிய தொகை. அடர்த்தி பெரிதாக மாறாது. ஆகவே அந்த எண் குறைந்தால் ஓடு மெலிந்தது என்று பொருள். ஒரு தராசும் ஒரு வெர்னியரும் போதும். உங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே இவை இருக்கின்றன.

விடை 1967-இல் வெளியாயிற்று. 1940-களின் பிற்பகுதியில், டி.டி.டி. போன்ற பூச்சிமருந்துகள் பரவத் தொடங்கிய அதே சமயத்தில், ஓடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருந்தது. அமெரிக்காவிலும் இதே போன்ற சான்றுகள் கிடைத்தன. 1972-இல் அந்நாடு டி.டி.டி.யின் பெரும்பாலான உபயோகத்தைத் தடை செய்தது. முட்டையைச் சேகரித்தவர்களுக்கு டி.டி.டி. என்றால் என்னவென்றே தெரியாது. அவர்கள் பிற்காலத்தவரின் கேள்விக்குத் தெரியாமலே விடை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இலைகளும் இப்படிச் சாட்சி சொல்லியிருக்கின்றன. கேம்பிரிட்ஜில் 200 ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த உலர்ந்த இலைகளில் இலைத்துளைகளை வுட்வர்ட் என்ற விஞ்ஞானி எண்ணினார். அவை சுமார் 40 விழுக்காடு குறைந்திருந்தன என்று 1987-இல் அவர் அறிவித்தார். காற்றில் கரியமில வாயு பெருகப் பெருக, இலைக்குக் குறைந்த துளைகளே போதுமானதாயின.

நம் மலையிலிருந்து ஒரு கதை

நம் தமிழ்நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. தேனி மாவட்டத்து ஹைவேவிஸ் மலையில் 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்ட அதிகாரி ஒரு வௌவாலைப் பிடித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போயிற்று. சாதாரணப் பழந்தின்னி வௌவால் என்று பெயர்ச்சீட்டு எழுதி வைத்துவிட்டார்கள். 24 ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது. தாய்லாந்து நாட்டு விஞ்ஞானி கிட்டி தோங்லோங்யா அதை மறுபடி ஆராய்ந்தார். அது புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே என்று 1972-இல் அறிவித்து, பறவை அறிஞர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். பிறகு 1990-களில் அதே மலையில் அந்த வௌவால் உயிருடனும் கண்டுபிடிக்கப்பட்டது. இடையில் யாராவது 'ஒரே மாதிரி வௌவால் எதற்கு இத்தனை?' என்று அலமாரியைக் காலி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இந்தக் கதையில் தவறாக எழுதப்பட்டது பெயர் மட்டுமே. பெயரைப் பிறகு திருத்திவிடலாம். எங்கே, எப்போது, யார் பிடித்தது என்ற விவரம் தொலைந்தால் யாராலும் திருத்த முடியாது. அலகு எழுதாத விடைக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. சீட்டு இல்லாத மாதிரியும் அப்படித்தான். ஜாடி உடைந்தால் வேறு ஜாடி வாங்கலாம். சீட்டு கரைந்தால் மாதிரி செல்லாக்காசு.

தீயும் தூசியும்

அருங்காட்சியகங்கள் இரண்டு விதமாக அழிகின்றன. ஒன்று, ஒரே இரவில். 2016 ஏப்ரலில் டெல்லியிலிருந்த தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தீயில் எரிந்து போயிற்று. 2018 செப்டம்பரில் பிரேசில் நாட்டின் இருநூறு வயதான தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. இவை செய்தித்தாளில் வரும். இன்னொன்று, சத்தமில்லாமல். ஜாடி மூடி தளர்ந்து சாராயம் ஆவியாகும். பாச்சை உருண்டை தீர்ந்து போகும், வண்டு முட்டையிடும். ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்கும். பராமரித்த பணியாளர் ஓய்வு பெறுவார், அந்த இடத்துக்கு வேறு ஆள் வரமாட்டார். இது செய்தியாக வருவதே இல்லை.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். 'கொன்று சேர்த்த காலம் போய்விட்டது' என்பார்கள். உண்மைதான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் முன்போல் சேகரிக்க முடியாது. கல்லூரியில் பிராணிகளை அறுக்கும் பயிற்சியையும் 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு கைவிடச் சொன்னது. இரண்டும் நல்லவை. ஆனால் இவற்றிலிருந்து நாம் பெற வேண்டிய முடிவு வேறு. புதிதாகக் கொல்லக் கூடாது என்பதாலேயே, பழையவை ஈடு இல்லாதவை ஆகின்றன. இறந்த உயிருக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை, அது சொல்லும் சாட்சியைத் தொலைக்காமல் இருப்பது.

'பாடம் செய்த பழைய பிராணிகளில் நஞ்சு இருக்கிறதே' என்றும் சொல்வார்கள். அதுவும் உண்மை. அந்நாளில் தோல் கெடாமலிருக்க ஆர்செனிக் தடவினார்கள். ஃபார்மலினும் மூச்சுக்கு ஆகாது. ஆகவே மாணவர்கள் தாமாக எதையும் தொடவோ திறக்கவோ கூடாது. இது கவனமாகக் கையாள வேண்டும் என்பதற்கான காரணமே தவிர, குப்பையில் கொட்டுவதற்கான காரணம் அல்ல. குப்பையில் போனால் நஞ்சு மண்ணுக்குத்தான் போகும்.

செய்ய வேண்டியது என்ன? ஒவ்வொரு கல்லூரியும் தன்னிடம் இருப்பதைப் பட்டியல் போட வேண்டும். சீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதி, ஒவ்வொன்றையும் படம் பிடித்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால், சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தையோ அரசு அருங்காட்சியகத்தையோ கேட்காமல் ஒரு ஜாடியைக்கூட அகற்றக் கூடாது. இது அதிகச் செலவு பிடிக்கும் காரியம் அல்ல. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினட் உலர்தாவரத் தொகுப்பகத்தை நிறுவிய பாதிரியார் மாத்யூ, தம் குழுவோடு ஊர் ஊராக அலைந்து செடி சேர்த்து, தமிழகச் சமவெளித் தாவரங்களுக்குப் பெரிய நூல் தொகுதியே எழுதினார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் செடிகளைச் சேகரித்து ஆராய்ந்த எட்வர்ட் பார்ன்ஸோ வேதியியல் பேராசிரியர்! மலையில் வளரும் ஒரு காசித்தும்பை இனம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆர்வத்துக்குத் துறை தடையில்லை.

நம் ஊர்க் கணக்கு

பாடியிலும் அம்பத்தூரிலும் பட்டறையில் வேலை செய்பவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அளவு சரிபார்க்கும் ஸ்லிப் கேஜை மரப்பெட்டியில் வைத்து, துரு ஏறாமல் எண்ணெய் தடவிப் பூட்டி வைப்பார்கள். அன்றாட வேலைக்கு அதைத் தொட மாட்டார்கள். ஆனால் அது இல்லையென்றால் மற்ற அளவுக் கருவிகள் சரியா தவறா என்று சொல்ல முடியாது. கல்லூரியின் அலமாரியும் இயற்கைக்கு அப்படியொரு ஸ்லிப் கேஜ்தான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. அதற்கு முன் கொரட்டூர் ஏரியில் என்னென்ன மீன், என்னென்ன நத்தை இருந்தன? தாத்தா பாட்டி பெயர் சொல்வார்கள், அளவு சொல்ல முடியாது. அன்றைக்கு ஒரு கைப்பிடி நத்தை ஓட்டைத் தேதி எழுதி எந்தக் கல்லூரி அலமாரியிலாவது வைத்திருந்தால், ஏரி நீர் எப்படி மாறியது என்று ஆராய இன்று ஒரு வழி இருந்திருக்கும்.

நீங்கள் எதையும் பிடிக்க வேண்டாம், கொல்ல வேண்டாம், கூட்டையும் முட்டையையும் தொட வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஏரிக்கரையில் பார்த்த பறவை, தெருவில் பூத்த மரம், மழைக்குப்பின் கத்திய தவளை என்று எதுவானாலும் தேதி, நேரம், இடம் போட்டு எழுதுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியில் அருங்காட்சியகம் இருந்தால், ஆசிரியரோடு அனுமதி பெற்றுப் போய் ஜாடிகளின் சீட்டுகளைப் படியுங்கள். மங்கிய எழுத்தை நகலெடுத்துத் தர இளம் கண்கள் முன்வந்தால் எந்தத் துறைத் தலைவர் வேண்டாம் என்பார்? போகும்போது பென்சில் கொண்டுபோங்கள். பேனா மை நீர் பட்டால் கரையும், பென்சில் எழுத்து நிற்கும்.